செழித்த செடி மண்ணுக்குச் சாட்சியாகாது

மெல்பேர்னின் டண்டினொங்கிலும் அதைச் சுற்றிய புறநகர்களிலும் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களிடையே ஒரு தீர்ப்பு நிலைபெற்றுவிட்டது. கன்று செழித்து வந்தால் மண் நல்ல மண். கன்று வாடிச் சுருண்டால் வைத்தவருக்குக் கைராசி இல்லை, அல்லது மெல்பேர்ன் குளிர் இன்னும் விடவில்லை. இந்தத் தீர்ப்பின் முதுகில் ஏறித்தான் அடுத்த நம்பிக்கையும் வருகிறது: நம் வளவில் நம் கையால் விளைந்த மரக்கறி நஞ்சில்லாதது, கடையில் வாங்குவதுதான் நஞ்சு. கோயில் வாசலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மறுப்பவர் அரிது.

இது தவறு. அதுவும் இரண்டு பக்கமும் தவறு. பிள்ளைகளின் உடலுக்குக் கேடு செய்யும் மண்ணில் கத்தரிக் கன்று தளதளவென்று வளரும். மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாத அளவு ரசாயனத்தில் அதே கத்தரிக் கன்று முறுகிச் சாகும். கன்று தனக்கு நேர்ந்ததைத்தான் காட்டும். தின்பவருக்கு என்ன நேரும் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

இந்த நம்பிக்கை அறியாமையில் பிறந்ததல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு மண்ணின் குறை அநேகமாக எல்லாமே பயிரில் தெரிந்தது. கிணறு உவர்த்தால் மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகும். பசளை போதாவிட்டால் அடி இலை மஞ்சளாகும். தண்ணீர் தேங்கினால் புகையிலை தலை தொங்கும். உப்பு, பசி, தாகம், நோய் ஆகியவை பயிரின் சொந்தத் துன்பங்கள். அவற்றைப் பார்த்தறியப் பழகிய கண் பெரிய செல்வம். அந்தக் கண்ணைக் கொண்டுதான் ஒரு வறண்ட தீபகற்பத்தில் தலைமுறை தலைமுறையாக வெங்காயமும் மிளகாயும் விளைந்தன. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அந்தக் கண் பழகாத பொருட்கள் இங்குள்ள மண்ணில் இருக்கின்றன என்பதே என் வாதம்.

டண்டினொங் ஒரு தொழிற்சாலை ஊர். 1952இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், 1955இல் ஹைன்ஸ், 1956இல் ஹோல்டன் கார் தொழிற்சாலை என்று அடுத்தடுத்து எழுந்தன. தொழிலாளருக்காக அருகிலுள்ள டவ்ட்டனில் அரசு வீடமைப்பு ஆணையம் தெருத்தெருவாக வீடு கட்டியது. இன்று அந்தப் பழைய வீடுகளில் ஆப்கானியர், கம்போடியர், தென்சூடானியர், ஈழத்தமிழர் என்று பலர் குடியிருக்கிறார்கள். பின்வளவில் எல்லோரும் ஏதோ ஒரு கீரை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியைத்தான் நினைக்கிறோம். ஆனால் மெல்பேர்ன் வீட்டு மண்ணில் ஈயம் சேர்ந்த பெருவழிகள் இரண்டு: சுவரில் பூசிய மை, தெருவில் ஓடிய கார். ஈயம் கலந்த பெற்றோல் ஆஸ்திரேலியாவில் 2002 தொடக்கத்தில்தான் முற்றாக நின்றது. அதுவரை அதை எரித்த ஒவ்வொரு வாகனமும் ஈயத்தைக் காற்றில் ஊத, அது தெருவோர மண்ணில் படிந்தது. 1970க்கு முன் கட்டிய வீடுகளின் வெளிச்சுவர் மையில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டு மையில் ஈயத்தின் அளவு 0.1 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது 1997இல்தான். பழைய மையைச் சுரண்டிய ஒவ்வொரு முறையும், வெயிலில் அது தூளாக உதிர்ந்த ஒவ்வொரு கோடையும், சுவரடி மண்ணில் ஈயம் சேர்ந்தது. ஈயம் மக்காது, ஆவியாகாது, மழையோடு கீழே இறங்கிப் போகவும் போகாது. மேல்மண்ணின் களிமண்ணையும் மட்கையும் பற்றிக்கொண்டு, நாம் மண்வெட்டி வைக்கும் ஆழத்திலேயே தங்கிவிடும்.

மெல்பேர்ன் வீட்டுத் தோட்டங்களைப் பற்றி 2018இல் கெமோஸ்ஃபியர் ஆய்விதழில் மார்க் லெய்ட்லோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தவை வெறும் முற்றங்கள் அல்ல, மரக்கறிப் பாத்திகள். 136 வீட்டுத் தோட்டங்களில் 21 சதவீதத்தில் ஈயம் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்ற ஆஸ்திரேலிய வீட்டு மண் வரம்பைத் தாண்டியிருந்தது. ஆகக் கூடிய அளவு 3,341. பழைய வீடுகளிலும், வெளியே மை பூசிய வீடுகளிலும், கூரைத் தண்ணீர் சொட்டி விழும் சுவரடியிலும் ஈயம் அதிகம். அந்த 136 தோட்டங்களும் மக்கள் நட்டு, பறித்து, உண்டுகொண்டிருந்தவை. கன்று வளராத பாத்தியை யாரும் ஆண்டாண்டாகக் கொத்துவதில்லை. ஐந்தில் ஒரு வீட்டில் செடிகள் வளர்ந்தன, காய்த்தன, மண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த ஆய்வு நகரின் உட்பகுதியைச் சேர்ந்தது, டண்டினொங்குக்கும் அதற்கும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வு ஈயத்தைத் தொடர்புபடுத்தியது வீட்டின் வயதோடும் சுவரின் மையோடும். அறுபதாண்டுப் பலகை வீடு ஃபூட்ஸ்க்ரேயில் இருந்தாலென்ன, டண்டினொங் ரயில் பாதை ஓரத்தில் இருந்தாலென்ன, மழை ஒரே மாதிரித்தான் சொட்டுகிறது.

கன்று ஏன் சொல்வதில்லை? விதை முளைக்கும்போது முதல் சில நாட்கள் தனக்குள் சேமித்த உணவில்தான் வாழ்கிறது. ஆகவே முளைப்பை வைத்து மண்ணை எடை போட முடியாது. மிக மோசமான மண்ணிலும் விதை வெடித்து வெளியே வரும். சோதனை வேர் நுனியில் தொடங்குகிறது. செம்பும் துத்தநாகமும் மிகுந்த மண்ணில் வேர் நுனி தடித்துக் குட்டையாகிப் பழுப்பேறும், வேர்த்தூவிகள் குறையும். இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாமல் இளம் இலைகள் நரம்புக்கு நடுவே வெளிறும். நாற்று நின்ற இடத்திலேயே நிற்கும். இதை எந்தத் தோட்டக்காரரும் ஒரு வாரத்தில் கண்டுகொள்வார். ஈயத்திடம் இந்தப் பழக்கம் இல்லை. அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். வேருக்குள் கொஞ்சம் போனாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். இலைக்கு ஏறுவது சொற்பம். கன்றுக்கு அதனால் தொல்லை மிகக் குறைவு.

இந்த வேறுபாட்டை ஆஸ்திரேலிய அரசே எண்ணில் எழுதி வைத்திருக்கிறது. மாசுபட்ட நிலத்தை மதிப்பிட 1999இல் வகுத்து 2013இல் திருத்திய தேசிய நெறிமுறை ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் மனிதருக்கென்று ஒரு வரம்பு, செடிக்கும் மண்ணுயிர்களுக்குமென்று இன்னொரு வரம்பு. ஈயத்துக்கு வீட்டு மண்ணில் மனிதருக்கான எண் 300. செடிகொடிகளுக்கான எண் 1,100. அதாவது பிள்ளை விளையாடக் கூடாத மண்ணில் செடி தாராளமாக வாழலாம் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. துத்தநாகத்தைப் பாருங்கள், கணக்குத் தலைகீழ். மனிதருக்கான எண் 7,400. செடிக்கோ மண்ணின் புளிப்பையும் தன்மையையும் பொறுத்துச் சில நூறிலேயே தொல்லை தொடங்கிவிடும். கன்றைக் கண்டு மண்ணுக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இந்த நான்கு எண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போவது நேர்மையல்ல. அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய மண்ணியலாளர் ரூஃபஸ் சேனி 1980இல் ஒரு கருத்தை வகுத்தார். பல உலோகங்களில், தின்பவருக்குக் கேடு செய்யும் அளவு சேருமுன்னே செடி வெளிறி விளைச்சல் விழுந்துவிடும். செம்பு, துத்தநாகம், நிக்கல் இந்த வகை. ஆகவே செடியே மனிதருக்கும் நஞ்சுக்கும் இடையே ஒரு தடுப்பாக நிற்கிறது. இது உண்மை. நம் பெரியவர்களின் கண் இந்தத் தடுப்பு நிற்கும் இடங்களில் எல்லாம் சரியாகவே தீர்ப்புச் சொன்னது. ஆனால் சேனியே அந்தத் தடுப்பு உடையும் இடங்களையும் குறித்தார். கட்மியம் அதில் முதன்மையானது.

கட்மியம் ஈயத்தைப் போல வேரோடு நிற்பதில்லை, இலைக்கு எளிதில் ஏறிவிடும். கீரை வகைகள் அதை விரும்பிச் சேர்ப்பவை போலச் சேர்க்கும். ஆஸ்திரேலிய உணவு விதியில் இலைக் கறிகளுக்கான கட்மிய வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதைப் பல மடங்கு தாண்டிய கீரையும் பச்சையாகவே நிற்கும். தோட்டத்துக்குக் கட்மியம் எங்கிருந்து வரும்? பசளையிலிருந்து. இந்த நாட்டு விவசாயம் இருபதாம் நூற்றாண்டில் நவுரு, கிறிஸ்மஸ் தீவுப் பாறைகளிலிருந்து செய்த சூப்பர் பொஸ்பேட்டின் மேல்தான் எழுந்தது. நவுருப் பாறையில் கட்மியம் இயல்பிலேயே அதிகம். செடியை வளர்க்கத் தூவியதே அதைக் கொண்டுவந்தது. தென் ஆஸ்திரேலிய உருளைக்கிழங்குத் தோட்டங்களில் 1990களில் தேசிய ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: குளோரைட்டு மிகுந்த உவர்நீர் பாய்ந்த இடங்களில் கிழங்கில் கட்மியம் கூடியிருந்தது. புளிப்பு மண்ணில் அது இன்னும் இலகுவாக ஏறும். சுண்ணாம்பு இட்டால் குறையும். இவற்றில் எதையும் இலையின் நிறத்தில் படிக்க முடியாது.

இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் யூரியாவும் எருவும் கொட்டிக் கொட்டி, சுண்ணாம்புக் கல்லின் வழியே இறங்கிய நைத்திரேற்று கிணற்று நீரில் சேர்ந்தது. விவசாயப் பகுதிகளின் பல கிணறுகளில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும். அதே நீரை வெங்காயத்துக்கு இறைத்தால் தாள் கரும்பச்சையாக ஓங்கி எழும். இங்கே கன்று மௌனமாக இருப்பதோடு நிற்கவில்லை. நஞ்சை உண்டு களித்து, மண்ணும் நீரும் அருமை என்று பொய்ச்சாட்சியும் சொல்கிறது. பக்கத்திலேயே சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது ஊர் எழுந்தது, போராடியது, வழக்கு நடந்தது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டது, மூக்கில் மணத்தது. நைத்திரேற்றுக்கு எதிராக எந்த ஊரும் அப்படித் தெருவில் இறங்கவில்லை. கண்ணை மட்டும் நம்பும் சமூகம், கண்ணில் படும் மாசுக்கு மட்டுமே எதிராக எழும்.

சரி, ஈயம் இலைக்கு ஏறாது என்று நீங்களே சொன்னீர்களே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். ஈயம் செடிக்குள்ளே போக வேண்டியதில்லை. மண்ணாகவே வந்து சேரும். வல்லாரையை நினைத்துப் பாருங்கள். நிலத்தோடு படர்வது, கணுவுக்குக் கணு வேர் விடுவது, மழைத்துளி தெறித்த சேறு இலையின் அடியிலும் காம்பின் மடிப்பிலும் ஒட்டியிருப்பது. அதை நாம் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல் செய்கிறோம். பொன்னாங்காணியும் தரையோடு தரையாக வளர்வதுதான். வெங்காயத்தாளின் அடிப்பகுதியைக் கழுவியவர்களுக்குத் தெரியும், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கடைசித் தண்ணீரும் கொஞ்சம் கலங்கும். இங்குள்ள அரசு அறிவுரைகள் லெட்யூஸையும் கிழங்குகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் உணவில் பச்சை இலைக்கு இருக்கும் இடம் அவற்றில் இல்லை. ஆகவே அந்த அறிவுரையை நாம்தான் நம் அடுப்படிக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ள வேண்டும். மேலும், தோட்டத்துக்கு அம்மம்மாவோடு கூடப் போகும் பேரப்பிள்ளை இருக்கிறது. அது மண்ணை அளைந்த கையை வாயில் வைக்கும். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். சிட்னியில் பின்வளவுக் கோழிகளை ஆராய்ந்து 2022இல் மக்குவாரி பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், வீட்டு முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம். அந்தக் கோழிகள் நோய்வாய்ப்பட்டுத் தூங்கி விழவில்லை. மேய்ந்தன, கொக்கரித்தன, முட்டையிட்டன. வீட்டில் விளைந்தது சுத்தம் என்ற நம்பிக்கைக்கு அந்த ஒரு எண்ணே போதுமான மறுப்பு.

பூசணிக் குடும்பத்துக்கு வேறொரு கதை. கறையானுக்காக வீட்டின் அத்திவாரத்தைச் சுற்றி அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டகுளோர் ஊற்றும் வழக்கம் இந்த நாட்டின் பெரும்பகுதியில் 1995 நடுப்பகுதி வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. இவை மண்ணில் பல பத்தாண்டுகள் நிற்கும். மற்றச் செடிகள் பெரிதாக உறிஞ்சாத இந்தப் பொருட்களைச் சுக்கினியும் அதன் நெருங்கிய பூசணி வகைகளும் வேரால் கரைத்துத் தண்டுக்கும் காய்க்கும் ஏற்றிவிடுகின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுச் சுவரோரம் வெயில் நன்றாக விழும் என்று நாம் கொடி விடுவது எதை? பூசணியைத்தான். கொடி கூரையேறும். ஊர் முழுக்கப் பங்கு கொடுக்கும் அளவுக்குக் காய்க்கும்.

இதுவரை சொன்னவை மௌனமான கன்றுகள். கத்தும் கன்றுகளுக்கும் நாம் நீதி செய்வதில்லை. டண்டினொங்கிலிருந்து தெற்கே கிரான்பர்ன், கிளைட் பக்கம் புதுவீடு கட்டிப் போனவர்களுக்குச் சுவரில் ஈய மை இல்லை. ஆனால் மண்ணும் இல்லை. கட்டடக்காரர் விட்டுப்போன களியின் மேல் ஒரு சாண் புழுதிதான் மிச்சம். அவர்கள் ட்ரெய்லரில் மரக்கறி மண் வாங்கிப் பாத்தி நிரப்புகிறார்கள். மெல்பேர்ன் கப் பந்தய நாளுக்குள் தக்காளி நட வேண்டும் என்ற ஊர் வழக்கத்தை மதித்து நடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் புது இலை கிண்ணமாகக் குவிகிறது, பன்னத் தளிர்போல ஒடுங்கி முறுகுகிறது, குருத்து நின்றுவிடுகிறது. போஞ்சி முளைத்து முதல் மூவிலையோடு சுருள்கிறது. உடனே தீர்ப்பு வருகிறது: தண்ணீர் கூடிவிட்டது, பசளை சுட்டுவிட்டது, வைரஸ், குளிர், கைராசி.

இந்த அடையாளங்களுக்குப் பெயருள்ள காரணம் ஒன்று உண்டு. குளோபிரலிட், அமினோபிரலிட், பிக்ளோராம் என்ற களைகொல்லிகள் செடியின் வளர்ச்சி இயக்குநீரைப் போல நடித்து அகன்ற இலைக் களைகளைக் கொல்பவை, புல்லை விட்டுவிடும். தெளித்த புல்லை மாடோ குதிரையோ தின்றால் மருந்து சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். வைக்கோலிலும் வெட்டிய புல்லிலும் அப்படியே இருக்கும். கூட்டெருக் குவியலின் சூடு பாக்டீரியாவையும் களை விதையையும் கொல்லும். இந்த மருந்தை அசைக்காது. ஒரு தொன் எருவில் சில மில்லிகிராம் இருந்தாலே போஞ்சியும் பட்டாணியும் தக்காளியும் முறுகும். 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரக் கூட்டெருவில் இது வெடித்தது. 2008இல் பிரித்தானியாவில் சிறுதோட்டக்காரர்களின் குதிரைச் சாணம் வழியாக வந்ததால், அமினோபிரலிட் விற்பனை அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. மெல்பேர்னிலும் அண்மை ஆண்டுகளில் வாங்கிய மண்ணில் தக்காளி சுருள்வதாக வீட்டுத் தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். இந்த மருந்துகளின் லேபிளிலேயே, தெளித்த பயிரின் எச்சத்தைக் கூட்டெருவுக்கோ மூடாக்குக்கோ கொடுக்காதே என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்த லேபிளைப் படித்த பண்ணைக்கும் சாணம் வாங்கிய எருக் கூடத்துக்கும் மண் வாங்கிய கிளைட் வீட்டுக்கும் இடையே அந்த எச்சரிக்கை பயணம் செய்வதில்லை.

இயற்கை எரு போட்டேன், நஞ்சு எப்படி வரும் என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுதான் பதில். மாடு எந்த வயலை மேய்ந்ததோ அந்த வயலின் மருந்து எருவில் இருக்கும். மாட்டுச் சாணத்தின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை மருந்தைச் சிதைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் களைகொல்லிகளுக்குப் பாலூட்டிகளிடத்தில் நச்சுத்தன்மை குறைவு. முறுகிய தக்காளி ஒன்றிரண்டு காய்த்தால், தின்பவருக்கு அதனால் வரக்கூடிய கேடு, பழைய வீட்டுச் சுவரடியில் கரும்பச்சையாக நிற்கும் வல்லாரையால் வரக்கூடியதைவிட அநேகமாகக் குறைவாகவே இருக்கும். நாம் எதைப் பிடுங்கி எறிகிறோம், எதைப் பெருமையோடு பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறோம்? தீர்ப்பு இவ்வளவு தலைகீழாக இருக்கும்போது அதை அனுபவ ஞானம் என்று கொண்டாட நான் தயாராக இல்லை.

கைராசிப் பேச்சில் எனக்குக் கோபம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. அகதியாக வந்து, ஆங்கிலம் தடுமாறி, வாடகை வீட்டின் பின்புறத்தில் ஒரு பாத்தி கொத்தி, அதில்தான் தன் பழைய திறமை மிச்சமிருக்கிறது என்று நம்பும் ஒரு மனிதரிடம், கன்று செத்ததற்கு உன் கைதான் காரணம் என்று சொல்வது கொடுமை. குற்றத்தை மண் விற்றவரிடமிருந்து எடுத்து வாங்கியவர் தலையில் வைக்கிறோம். அவர் இன்னொரு ட்ரெய்லர் மண்ணுக்குப் பணம் தேடுகிறார்.

இப்படிப் பேசினால் சனம் பயந்து தோட்டத்தையே விட்டுவிடும் என்ற கவலை நியாயமானது. தோட்டத்தை விடச் சொல்லவில்லை. அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதால்தான் பேசுகிறேன். அந்த 136 தோட்டங்களில் ஐந்தில் நான்கு வரம்புக்குள் இருந்தன. மக்குவாரி பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய வெஜ்சேஃப், விக்டோரியா சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் நடத்திய கார்டன்சேஃப் போன்ற திட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரு பை மண்ணை அனுப்பித் தங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டார்கள். நம் சங்கங்களின் பொங்கல் விழாக்களில் ஒரு மேசை போட்டு மண் சேகரித்து மொத்தமாக ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது கடினமான காரியமல்ல. ஈயம் கூடிய வளவில் சுவரிலிருந்து தள்ளி, அடியில் துணி விரித்து, சோதித்த மண் போட்ட உயர்பாத்தியில் வைக்கலாம். கீரைக்குப் பதில் வெண்டியும் கத்தரியும் பாகலும் அங்கே பாதுகாப்பு, ஏனெனில் காய்க்கு ஈயம் ஏறுவது மிகக் குறைவு, கழுவுவதும் எளிது. வெறும் மண் தெரியாமல் மூடாக்குப் போட்டால் பிள்ளையின் கைக்கும் தூசி குறையும்.

வாங்கிய மண்ணில் களைகொல்லி இருக்கிறதா என்று அறிய ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. சந்தேகமான மண்ணையும் நம்பிக்கையான சாடி மண்ணையும் சமபங்கு கலந்து சில சாடிகளில் போஞ்சி விதையுங்கள். நல்ல மண் மட்டும் போட்ட சாடிகளைப் பக்கத்தில் வையுங்கள். மூன்று வாரம். ஒரு பக்கம் மட்டும் இலை கிண்ணமாகக் குவிந்தால் கைராசிக்கும் குளிருக்கும் அங்கே வேலை இல்லை. பாத்தியில் சோளனும் கோவாவும் நன்றாக நிற்க, தக்காளியும் போஞ்சியும் மட்டும் முறுகினாலும் அதே முடிவுதான். படம் எடுத்து, பில்லோடு விற்றவரிடம் போங்கள். விக்டோரியாவில் 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தன் தொழிலால் மனிதருக்கும் சூழலுக்கும் வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே குறைப்பது தொழில் செய்பவரின் கடமை. கேடு நடந்தபின் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

கன்றைக் கேட்டு மண்ணை அறியும் தவறு நம் வளவோடு நிற்கவுமில்லை. ஆஸ்திரேலியாவின் சாடி மண் தரநிலையில் நச்சுச் சோதனை என்பது முள்ளங்கி விதையை முளைக்கவைத்து வேரின் நீளத்தை அளப்பது. முள்ளங்கி கடுகுக் குடும்பம். அதே குடும்பத்துக் கனோலா வயலில்தான் இந்நாட்டு விவசாயிகள் களையடிக்கக் குளோபிரலிட் தெளிக்கிறார்கள், கனோலா அதைத் தாங்கும் என்பதால். போஞ்சியைக் கொல்லும் மண்ணில் முள்ளங்கி வேர் நீளமாக இறங்கிச் சோதனையில் தேறிவிடும். கூட்டெருவும் மரக்கறி மண்ணும் விற்கும் ஒவ்வொரு கூடமும் முள்ளங்கியோடு போஞ்சியையும் விதைத்துப் பார்க்க வேண்டும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், முடிவைத் தொகுதி எண்ணோடு பில்லில் அச்சிட வேண்டும். டண்டினொங் மாநகரசபையிடமும் கேசி மாநகரசபையிடமும் நம் சங்கங்கள் இந்த வசந்தத்துக்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்: தோட்டக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் நாம் போடும் புல்லிலிருந்து செய்த எருவை யார் சோதிக்கிறார்கள், எந்த விதையை வைத்து?